காற்றுக்கு மேல் பக்கம்

ஒரு பருவம் முழுக்க நான் கொடி பிடிக்கிற வேலை பார்த்திருக்கிறேன். இதைச் சொன்னால் எந்தக் கட்சிக் கொடி என்று கேட்கிறார்கள். அது கட்சிக் கொடி இல்லை. நிலக்கடலைக் கொல்லையில் கம்பளிப் புழு விழுந்து, ஊர் ஊராகத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தபோது, விமானத்திலிருந்து பூச்சிப் பொடி தூவிப் பார்த்தார்கள். யுத்தம் முடிந்து, வெள்ளைக்காரனும் போன பிறகு வந்த மழைக்காலம் அது. மேலே பறக்கிற விமானிக்குக் கொல்லை முழுக்க ஒரே பச்சையாகத் தெரியும். எங்கே பொடி விழுந்தது, எங்கே விழவில்லை என்று அவருக்கு அடையாளம் வேண்டும். அதற்காகக் கொல்லையின் வடகோடியில் ஓர் ஆள், தென்கோடியில் ஓர் ஆள், வெள்ளைக் கொடியோடு நிற்க வேண்டும். இரண்டு கொடிக்கும் நேராக விமானம் தாழப் பறந்து பொடியை விடும். நாங்கள் இருவரும் உழவில் சால் மாற்றுவது போலக் கொஞ்சம் தள்ளிப் போய், அடுத்த நடைக்கு மறுபடி கொடியைத் தூக்குவோம். வடகோடி ஆள் நான்.

நான் நாலாவது வகுப்போடு நின்றவன். யுத்தத்துக்கு முன்னாலேயே மொரப்பூர் ஸ்டேஷன் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கப் போனேன். நடுவில் கல்யாணம் நடந்தது. இரண்டாம் வருஷமே காய்ச்சலில் அவள் போய்விட்டாள். பிள்ளை இல்லை. அதன் பிறகு எனக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் இருந்த கொஞ்சநஞ்சப் பேச்சும் குறைந்துபோயிற்று. எனக்கு முதலிலிருந்தே பேச வராது. நாலு பேர் இருக்கிற இடத்தில் வாயைத் திறந்தால் முகம் சூடேறிவிடும். பொடி மூட்டைகள் கூட்ஸ் வண்டியில் வந்து இறங்கியபோது, கொடி பிடிக்க யார் வருகிறீர்கள் என்று கேட்டார்கள். விமானம் என்றதும் எல்லோரும் பின்னால் நகர்ந்தார்கள். பேச வேண்டாத வேலை என்று தோன்றியதால் நான் கையைத் தூக்கினேன்.

கம்பைநல்லூர் போகிற வழியில் ஒரு தரிசுக் காட்டைச் சமப்படுத்தி, கல் உருளை ஓட்டி, விமானம் இறங்குவதற்கு இடம் செய்திருந்தார்கள். பொடி வேலையை நடத்த வந்தவர் ஓர் அதிகாரி. பட்டணத்தில் படித்தவர், நல்ல மனிதர். ஊர்க்காரர்கள் அவருக்குப் பூச்சி ஆபீசர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். விமானிக்குத் தமிழ் தெரியாது. யுத்தத்தில் விமானம் ஓட்டியவர் என்று சொல்வார்கள். எங்களைப் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டுவார். அந்த வகையில் அவரும் என்னைப் போலத்தான்.

விமானம் கிளம்புவதற்கு முன்னால் தினமும் காலையில் ஆபீசர் எங்களை நிற்க வைத்து விதிகளைச் சொல்வார். கையில் இங்கிலீஷில் அச்சடித்த தாள் இருக்கும். அதைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொல்வார். விசிறி சுற்றும்போது யாரும் விமானத்துக்கு முன்னால் போகக் கூடாது, இறக்கையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாகத்தான் வர வேண்டும். பெட்ரோல் டின் இருக்கிற பக்கம் பீடி கூடாது. பொடி கொட்டுகிறவர்கள் ஈரத்துண்டால் மூக்கையும் வாயையும் கட்டிக்கொள்ள வேண்டும். கொல்லைக்குள் ஆடு, மாடு, ஆள் எதுவும் இருக்கக் கூடாது. சுற்றியுள்ள கிணறுகளைக் கீற்றுப் போட்டு மூடிய பிறகுதான் வேலை தொடங்க வேண்டும். தந்திக் கம்பி குறுக்கே போகிற இடத்தில் வெள்ளைத் துணி தொங்க வேண்டும். வேப்ப மரத்தில் இலை ஆடினால் பறக்கலாம், கிளை ஆடினால் பறக்கக் கூடாது. கை கால் கழுவாமல் சோற்றைத் தொடக் கூடாது.

கொடி பிடிக்கிற எங்களுக்குத் தனியாகச் சொல்வார். விமானம் நேருக்கு வரும்வரை கொடியை ஆட்டு. நேருக்கு வந்துவிட்டதென்றால், அது உன் தலைக்கு வருவதற்குள் அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிடு. நகர்வது எப்போதும் காற்றுக்கு மேலே. ஏதாவது ஆபத்து என்றால் இடுப்பில் கட்டியிருக்கிற சிவப்புத் துணியை எடுத்துத் தூக்கிப் பிடி. விமானி பொடியை நிறுத்திவிட்டுத் திரும்பிவிடுவார்.

"வெள்ளிக்கிழமை பள்ளிவாசல்ல கூட நான் இவ்ளோ நேரம் நின்னதில்லப்பா" என்று என் காதோரம் முணுமுணுப்பார், தென்கோடியில் கொடி பிடித்தவர்.

அவர் தருமபுரிக்காரர். தகரம் அடிக்கிற தொழில். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். நான் பாய் என்று கூப்பிடுவேன், அவர் என்னைத் தம்பி என்பார். ஈயம் பற்றவைக்கிற அடுப்பின் கரிப்புகை ஒத்துக்கொள்ளவில்லை என்று தொழிலை விட்டுவிட்டு வந்திருந்தார். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. மனைவி அந்த மகளோடு போய்விட்டாள். "மாப்ள வூட்டுல போயி ஒக்காந்து சோறு திங்கறதுக்கு, வானத்த பாத்துக்கிட்டு நிக்கலாம் தம்பி" என்பார்.

அந்த வேலையில் தனிமை எவ்வளவு என்பதை நான் எதிர்பார்க்கவில்லை. நான் ஏற்கெனவே தனியாக இருந்தவன்தான். ஆனாலும் அது வேறு. விமானம் பொடி ஏற்றிக்கொண்டு வரப் போய்விட்டால் கொல்லையில் ஒரு சத்தமும் இராது. ஆளை விலக்கியாயிற்று, ஆட்டை விலக்கியாயிற்று, கிணற்றை மூடியாயிற்று. ஏற்றக்காரன் பாட்டு கூட இல்லை. யாருக்கும் ஒன்றும் ஆகக் கூடாது என்று போட்ட விதிகள் எல்லாம் சேர்ந்து என்னைச் சுற்றி ஒரு வெற்றிடத்தைப் போட்டுவிட்டன. நடுவில் நான் மட்டும் ஒரு கம்பும் துணியுமாக நிற்பேன்.

வேலை முடிந்து ஊருக்குள் வந்தாலும் அப்படித்தான். அந்தப் பொடிக்குப் புழுங்கிப்போன மண் போல ஒரு நாற்றம். எத்தனை தேய்த்துக் குளித்தாலும் துணியை விட்டுப் போகாது. டீக்கடைக்காரர், "அண்ணா, கொஞ்சம் தள்ளி நின்னு குடிங்க, கண்ணு எரியுதுங்க" என்பார். ஆடு மேய்க்கிற பெண்கள் வழியில் பார்த்தால், "ஏம்பா, இன்னைக்கி எத்தன அபிசேகம் ஆச்சி?" என்று கேட்டுவிட்டு முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு சிரிப்பார்கள். பாயாக இருந்தால் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பார். நான் தலையைக் குனிந்துகொண்டு போவேன்.

பாயும் நானும் பேசிக்கொண்டது பெரும்பாலும் துண்டால்தான். முதலில் கொடியாலேயே பேசினோம். விமானம் போயிருக்கும்போது தென்கோடியிலிருந்து அவர் கொடியை வயிற்றுப் பக்கமாக ஆட்டினால் பசிக்கிறது என்று அர்த்தம். தலைக்கு மேல் சுற்றினால் வெயில். கொடியைக் கீழே போட்டுவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றால், இந்த ஆபீசரோடு எப்படியப்பா காலம் தள்ளுவது என்று அர்த்தம். ஆபீசர் அதைப் பார்த்துவிட்டு, விமானி குழம்பிப்போவார், விமானம் வராதபோது கொடி அசையக் கூடாது என்று சத்தம் போட்டார். மறுநாளிலிருந்து தோள் துண்டை எடுத்துக்கொண்டோம். எனக்கும் அது நன்றாக வந்தது. எதிரில் ஆள் இருந்தால் வராத பேச்சு, அரை மைல் தூரத்தில் ஆள் இருந்தபோது வந்தது. அந்த இரண்டு மாதத்தில் நான் பேசிய அளவுக்கு அதற்கு முன்னும் பின்னும் பேசியதில்லை.

பாய்க்கு மூச்சிழுப்பு இருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரு விடியற்காலை, பனி விழுந்திருந்தது. பொடிக் கொட்டகைக்குப் பின்னால் அவர் மூட்டை மேல் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்துகொண்டு நின்றார். நெஞ்சுக்குள்ளிருந்து விசில் அடிக்கிற மாதிரி சத்தம் வந்தது. நான் போய் முதுகில் கை வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தார்.

"புகையில வந்தது. இந்தக் காத்துல நிக்க ஆரம்பிச்சப்புறம் எவ்ளவோ தேவல. ஆபீசருக்குத் தெரிஞ்சா அனுப்பிடுவாரு. சொல்லிடாத தம்பி" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "உங்கிட்ட போயி சொல்றேன் பாரு! நீ வாயத் தொறந்தாதானே வெளிய வரும்."

ஆடியிலிருந்து புரட்டாசி வரை எங்கள் பக்கம் மேற்கத்திக் காற்றுதான். காலையில் எழுந்தால் அது அங்கேதான் இருக்கும். கொல்லையின் கீழ்க்கரையில் ஆரம்பித்து, ஒவ்வொரு சாலுக்கும் மேல்பக்கம் நகர்ந்துகொண்டே போவோம். விழுந்த பொடியெல்லாம் எங்களுக்குப் பின்னால் கிழக்கே பறந்துபோகும். எங்கள் மேல் படுவது கொஞ்சம்தான். ஆபீசர் 'காற்றுக்கு மேலே' என்று சொல்வார், நாங்கள் மேலே போவோம். யாருக்கும் ஒரு குழப்பமும் வந்ததில்லை.

புரட்டாசியில் ஒரு நாள் காலையில் காற்றே இல்லை. வேப்ப இலை ஒன்றுகூட அசையவில்லை. வழக்கம் போலக் கீழ்க்கரையில் நிற்கச் சொல்லிவிட்டு ஆபீசர் விமானத்தின் பக்கம் போய்விட்டார். முதல் சால் நன்றாக முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. அதன் பிறகு என் முதுகில் ஏதோ குளிர்ச்சியாகப் பட்டது. நான் மேற்கே பார்த்து நடந்துகொண்டிருந்தேன். காற்று பின்னாலிருந்து வந்தது. கிழக்கேயிருந்து வருகிற கீழ்க்காற்று. அந்த வருஷம் முதல் தடவையாகத் திரும்பியிருந்தது.

விமானம் மூன்றாவது முறை வந்து பொடியை விட்டபோது, அது எங்களை விட்டு விலகிப் போகாமல் எங்கள் பக்கமாகவே உருண்டு வந்தது. துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு மேற்கே நகர்ந்தேன். அடுத்த சாலிலும் அப்படியே. நாங்கள் எவ்வளவு நகர்ந்தாலும் பொடியும் கூடவே நகர்ந்தது. துண்டுக்குள்ளேயும் நாற்றம் ஏறிவிட்டது. கண்ணைத் திறக்க முடியவில்லை. பொடி கொஞ்சம் அடங்கியதும் தெற்கே பார்த்தேன். பாய் துண்டைத் தலைக்கு மேல் தூக்கி இரண்டு பக்கமும் விரித்தார். இது என்ன கூத்து என்று கேட்கிறார். நான் இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன்.

அதற்கடுத்த தடவை பொடி கலைந்தபோது தென்கோடியில் கொடி இல்லை.

கொஞ்சம் பொறுத்துப் பார்த்தேன். வெள்ளையாக ஏதோ தரையில் கிடந்தது. கொடியா ஆளா என்று தெரியவில்லை. விமானம் தூரத்தில் சாய்ந்து திரும்பிக்கொண்டிருந்தது. இடுப்பிலிருந்த சிவப்புத் துணியை உருவினேன். முடிச்சு விழுந்திருந்தது, பல்லால் கடித்து அவிழ்த்தேன். இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு குதித்தேன். அந்த இரண்டு மாதத்தில் யாரும் அதைத் தூக்கியதில்லை. விமானி பார்ப்பாரோ மாட்டாரோ என்று பயமாக இருந்தது. பார்த்தார். பொடியை விடாமலே மேலே ஏறி, இறங்குகிற இடத்துக்குப் போய்விட்டார்.

நான் கடலைச் செடியை மிதித்துக்கொண்டு ஓடினேன். பாய் உட்கார்ந்திருந்தார். தாடி, புருவம் எல்லாம் வெள்ளை. உதடு மட்டும் நாவல் பழம் தின்ற மாதிரி இருந்தது. ஒவ்வொரு மூச்சையும் கயிறு கட்டி இழுக்கிற மாதிரி இழுத்தார். கையைப் பிடித்து வரப்பு வரப்பாக, பொடி படாத பக்கமாக அழைத்துப் போனேன். புளிய மரத்தடியில் சாய்த்து, மூஞ்சியைக் கழுவிவிட்டேன். அதற்குள் ஆபீசர் வண்டியில் வந்துவிட்டார். கிணறு மூடுகிற ஆளும் ஓடி வந்தார்.

"என்னய்யா பண்ணி வச்சிருக்கீங்க? காத்துக்கு மேல போகணும்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்!"

பாய்க்கு மூச்சு கொஞ்சம் வந்திருந்தது. "மேலதாங்க சார் போனோம்" என்றார்.

"எங்க மேல போனீங்க? பொடிக்குள்ளயே நடந்திருக்கீங்க!"

"அதோ கெழக்கு. இதோ மேக்கு. மேலதாங்க வந்தோம்."

"மேக்க போகச் சொன்னேனா நான்? காத்துக்கு மேலன்னு சொன்னேன்."

"காத்துக்குன்னு தனியா ஒரு மேக்கு இருக்குதுங்களா சார்?"

ஆபீசர் கிணறு மூடுகிறவர் பக்கம் திரும்பினார். "ஏம்பா, மேலன்னா நீ என்னன்னு நெனச்ச?"

"மேக்கால தானுங்க. மேல்கொல்லைன்னா மேக்கால கொல்லை. மேல்வூடுன்னா மேக்கால வூடு. வேற என்னாங்க இருக்குது?"

ஆபீசர் வரப்பின் மேல் உட்கார்ந்துவிட்டார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "காத்து எங்கேருந்து வருதோ, அந்தப் பக்கம்னு அர்த்தம்யா அதுக்கு. இங்கிலீஷ்ல அப்படித்தான் போட்டிருக்கு. எங்க ஊர்லயும் மேலன்னா மேற்குதான். எனக்கே தோணல பாரு" என்றார்.

"அப்பிடி வெவரமா சொல்லியிருந்தா நாங்க காத்தையே கேட்டுட்டு நடந்திருப்போமே சார்" என்றார் பாய். எல்லோரும் சிரித்தோம். ஆபீசரும் சிரித்தார். சிரிப்பில் பாய்க்கு மறுபடி இழுத்துக்கொண்டது. அந்த விசில் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. சிரிப்பு நின்றுவிட்டது.

ஆபீசர் எழுந்து வந்து அவர் முதுகில் காதை வைத்துக் கேட்டார். "இது பொடியில வந்த இருமல் மாதிரி இல்லியே. உங்களுக்கு முன்னாடியே இழுப்பு உண்டா?"

"எனக்கா? இல்லீங்க சார். பொடி வாயில போயிடுச்சி. மத்தியானத்துக்குள்ள சரியாயிடும்."

"ஒளிக்காம சொல்லுங்க பாய். இனிமே காத்து ஒரு பக்கமா இருக்காது. கீழ்க்காத்தும் அடிக்கும், வாடையும் அடிக்கும். எவ்வளவு ஜாக்கிரதையா இருந்தாலும் பொடி மேல வரும். இழுப்பு இருக்கிற ஆளு கொல்லையில தனியா விழுந்தா நான் வந்து சேர்றதுக்குள்ள முடிஞ்சிடும்."

"இல்லீங்க சார். சத்தியமா."

ஆபீசர் என்னைப் பார்த்தார். "நீ கூடவே இருக்கிறவன். இவருக்கு முன்னாடியே உண்டா?"

பாய் என்னைப் பார்க்கவே இல்லை. நான் என்ன சொல்வேன் என்று அவருக்குச் சந்தேகம் இல்லை. நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், தலையைக் குனிந்துகொள்வேன், அவ்வளவுதான். தண்ணீர்க் குவளையை வாங்கிக் குடிக்க ஆரம்பித்தார். அவருடைய உதட்டின் நிறம் இன்னும் மாறவில்லை. உண்டு என்றால் அவர் நாளைக்கு இங்கே இருக்க மாட்டார். தென்கோடியில் வேறு யாரோ நிற்பான். இல்லை என்றால் அவர் இருப்பார், இந்தக் காற்றில்.

"உண்டுங்க" என்றேன்.

என் குரல் எனக்கே வேறு யாரோ பேசின மாதிரி இருந்தது. பாய் குவளையைக் கீழே வைத்தார்.

அன்று சாயங்காலம் ஆபீசர் அவரைத் தருமபுரி பஸ்ஸில் ஏற்றிவிடச் சொன்னார். மூட்டையை நான் தூக்கிக்கொண்டு போனேன். வழி முழுக்க அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. என் மௌனம் பழகினது, அவருடையது பழகாதது. அது கனமாக இருந்தது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார்.

"ரெண்டு மாசத்துல ஒரே ஒரு தடவதான் வாயத் தொறந்து பேசின தம்பி. அதையும் எனக்கு ஆவாத பேச்சா பேசின."

கோபமாகச் சொன்னாரா, கேலியாகச் சொன்னாரா என்று பஸ் போன பிறகும் நின்று யோசித்தேன். இரண்டும்தான் என்று தோன்றியது.

மறுநாளிலிருந்து ஆபீசர் தாளைப் பார்க்காமலே அந்த விதியைச் சொன்னார். "காத்து மூஞ்சியில அடிக்கிற பக்கமா நட." அதில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. தென்கோடிக்கு ஒரு வண்டிக்காரர் வந்தார். ஒழுங்கான ஆள். கொடியைத் தூக்கச் சொன்னால் தூக்குவார், நகரச் சொன்னால் நகர்வார். விமானம் போயிருக்கும்போது எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். ஒரு நாள் நான் துண்டை எடுத்துத் தலைக்கு மேல் சுற்றிப் பார்த்தேன். தற்செயலாகத் திரும்பியவர் பதறிப்போய்ச் சிவப்புத் துணியைத் தூக்கிவிட்டார். ஆபீசர் வந்து என்னைத் திட்டினார். அதோடு விட்டுவிட்டேன். ஐப்பசி மழை பிடித்ததும் விமானம் போய்விட்டது. அடுத்த வருஷம் வரவில்லை. நான் கூட்ஸ் ஷெட்டுக்கே திரும்பினேன்.

பாய் என்ன ஆனார் என்பதுதான் எனக்குள்ளே கிடந்தது. கரிப்புகைக்கே திரும்பிவிட்டாரோ, மருமகன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறாரோ, இருக்கிறாரோ இல்லையோ. தருமபுரிக்குப் போய் யாரையாவது விசாரிக்கலாம். விசாரிக்க வேண்டுமென்றால் முன்பின் தெரியாதவர்களிடம் பேச வேண்டும். போகவில்லை.

சில வருஷம் கழித்து ஒரு நாள் கம்பைநல்லூர் சந்தையில் கயிறு வாங்கப் போயிருந்தேன். கூட்டத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "சீப்பு, கண்ணாடி, சாந்துப்பொட்டு, ஊசி, நூலு, ஊக்கு, பாப்பாவுக்குக் கிலுக்கு, பாட்டிக்குச் சுருக்குப்பை..." நடுவில் எங்கும் அறுபடாமல், ஒரே மூச்சில். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. நான் வெல்ல வண்டிக்குப் பின்னால் நின்று கேட்டேன். ஒவ்வொரு தடவையும் கடைசிச் சொல்வரை போகிறதா என்று கவனித்தேன். ஒவ்வொரு தடவையும் போயிற்று.

கிட்டே போய் நின்றேன். தாடி நன்றாக நரைத்திருந்தது. கோணி விரித்துச் சாமான்களைப் பரப்பியிருந்தார். சுற்றிப் பெண்கள் கூட்டம். ஒருத்தி கண்ணாடியில் ரசம் போயிருக்கிறது என்கிறாள், அவர் "உம் மூஞ்சிக்கு இது போதும் தாயி" என்கிறார், எல்லோரும் சிரிக்கிறார்கள். தலையைத் தூக்கியவர் என்னைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே கொஞ்ச நேரம் முகத்தில் நின்றது.

உடம்பு எப்படி இருக்கிறது பாய் என்று கேட்க வேண்டும். அதற்குத்தான் வாயைத் திறந்தேன். முகம் சூடேறியது. பெண்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீ பேச மாட்ட" என்றார் பாய். "எது வேணும்னு கையக் காட்டு."

நான் ஒரு சீப்பைக் காட்டினேன். பழைய காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, பக்கத்தில் நின்ற பெண்ணிடம், "உனக்கு என்னா தாயி?" என்று திரும்பிக்கொண்டார்.